மெதுவாக ஒட்டும் பசை

ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிடும் பசை வீட்டிலேயே இருக்க, அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் பசையைத் தேடி மேற்குத் தாம்பரம் கடைத்தெரு முழுக்க அலைந்தவன் நான். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கப்பட வேண்டிய விஷயங்களை வாராவாரம் பத்திரிகைக்கு எழுதித்தான் இத்தனை வருடமாகப் பிழைப்பு ஓடுகிறது என்பதால் சொல்லிவிடுகிறேன். பசை இறுகும்வரை பொருளைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆள் என் வீட்டில், எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். விமானம் ஒரு சாக்கு.

விமானம் என்றால் மாதிரி விமானம். ரெசின் என்று ஒரு செயற்கைப் பிசின். அதை அச்சில் ஊற்றி இறுகவைத்துத் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். நாம் அதை அறுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசினால் நிஜ விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் ஒன்று கிடைக்கும். பெரியவர்கள்தான் இதைச் செய்கிறார்கள், உலகம் முழுக்கச் செய்கிறார்கள். இந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிடுவதை நானே கவனித்திருக்கிறேன்.

மற்றவர்கள் சண்டை விமானமாகப் பார்த்து வாங்குவார்கள். நான் வாங்கியது இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்காரர்கள் ஓட்டிய சரக்கு விமானம். தோற்ற கட்சியின் லாரி. மூக்கில் ஒன்று, இறக்கைக்கு ஒன்று என்று மூன்று எஞ்சின். மூன்றும் சேர்ந்து இழுத்தும் வேகம் வராது. இறக்கை மரத்தால் ஆனது. வயிறு மட்டும் பெரியது. ஒரு சண்டை விமானத்தையே கழற்றி உள்ளே போட்டுக்கொண்டு பறக்குமாம். அதனால் கங்காரு என்று பட்டப்பெயர். தடிமனான போர் வரலாற்று நூல் ஒன்றில் அதன் படத்தைப் பார்த்தேன். பாலைவனத்தில் தனியாக நின்றிருந்தது. கிட்டத்தில் ஓர் ஆள் இல்லை. சரக்கு இறக்கியாகிவிட்டது, இனி உன்னால் எங்களுக்கு வேலையில்லை என்று எல்லோரும் போய்விட்ட மாதிரி ஒரு நிற்பு. பார்த்ததும் பிடித்துப்போயிற்று. என்னையே பார்த்த மாதிரி இருந்தது என்று எழுதினால் மிகை. தொப்பை விஷயத்தில் மட்டும் ஒற்றுமை உண்டு.

என் மனைவி மத்திய அரசு அலுவலகத்தில் அதிகாரி. பதவி உயர்வு கொடுத்து கவுகாத்திக்கு அனுப்பிவிட்டார்கள். "நீங்களும் வாங்களேன், உங்களுக்கு எங்க உக்காந்து எழுதினா என்ன?" என்றாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. கிழக்குத் தாம்பரத்தில், லிஃப்ட் இல்லாத ஒரு சின்ன அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் மாடியில், நானும் மூன்று அலமாரி புத்தகங்களும் மிஞ்சினோம். நகைச்சுவை எழுதுகிறவன் வீட்டில் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று வாசகர்கள் நம்புகிறார்கள். உண்மையில், கூரியர்காரரிடம் "அது பக்கத்து பிளாக்குங்க" என்று சொன்னதுதான் அன்றைக்கு நான் பேசிய ஒரே வாக்கியம் என்பது மாலையில் காபி கலக்கும்போது நினைவுக்கு வரும். அந்த வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் நீளமாகச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும்.

பெட்டி வந்த அன்று வீடியோ அழைப்பில் மனைவிக்குக் காட்டினேன்.

"என்னங்க அது?"

"விமானம்."

"எதுக்கு?"

அவள் கேட்பதெல்லாம் இப்படித்தான், சுருக்கமாக, பதில் சொல்ல முடியாதபடி இருக்கும். "சும்மா" என்றேன். அவள் திரையில் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, சாப்பிட்டாச்சா என்று கேட்டாள்.

ரெசினைச் சும்மா தேய்க்கக் கூடாது. தூள் மூச்சுக்குள் போய்விடும். தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். நான் பால்கனிக் குழாயடியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் பால்கனி ஓட்டை வழியாக எங்கோ போய்க்கொண்டிருந்தது. எங்கே என்று நான் யோசிக்கவில்லை. அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டுப் பெரியவர். மகன், மருமகளோடு இருப்பவர். படிக்கட்டில் பார்த்துத் தலையாட்டிக்கொள்வதோடு சரி. கையில் ஒரு பனியனைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னா சார், மேல இருந்து பாலாபிஷேகமா? பாருங்க, பனியன் ஃபுல்லா வெள்ளையா கீது."

"பனியன் வெள்ளைதானே சார்?"

"இது ப்ளூ பனியன் சார்."

மன்னிப்புக் கேட்டேன். உள்ளே கூப்பிட்டு, வெள்ளைக்குக் காரணமான பொருளைக் காட்டினேன். விமானத்தின் உடல் இரண்டு பாதிகளாக மேஜைமேல் கிடந்தது. நம் ஊர் வெயிலில் இரண்டும் வாழைப்பழம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் வளைந்திருந்தன. இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால்தான் ஒட்டும். இரு முனையிலும் இரண்டு இரண்டு கை வேண்டும். வேறு யாரிடம் கேட்பது? "ஒரு அஞ்சு நிமிஷம் இந்தப் பக்கம் பிடிச்சுக்கிறீங்களா?" என்றேன். அது நேர்மையான வேண்டுகோள். அதன்பிறகு நான் கேட்டவை அப்படியல்ல.

பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு பிடித்தார். சர்வீஸ் முழுக்க ஏர்ஃபோர்ஸில்தான் என்றார்.

"அப்ப உங்களுக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு."

"நான் மெஸ்ல குக்கு சார். ஏரோப்ளேன வுட பூரியத்தான் ஜாஸ்தி பாத்துகீறேன். ரெண்டும் மேல எழும்பணும், அவ்ளோதான்."

நான் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே வெளியாள் குரல் மாதிரி கேட்டது. அவர் உற்சாகமாகி, வடக்கே ஒரு மலையடிவாரத்தில் வேலை பார்த்த கதையை ஆரம்பித்தார். "பெரிய ஆபீசர் ஒருத்தர் சார். யார்கிட்டயும் ஒரு வார்த்த பேச மாட்டாரு. எல்லாரும் பயந்துகினு இருப்பானுங்க. ஒருநாள் அந்த மனுஷன் தனியா கிச்சன் வாசல்ல வந்து நிக்கறாரு. நான் பூரி தேச்சுகினு கீறேன். கை ஓடல..."

இங்கே நிறுத்தி, விரலால் ஒட்டிய இடத்தைத் தட்டிப் பார்த்தார்.

"ஒட்டிகிச்சு சார்."

எழுந்து போய்விட்டார். ஆபீசர் சமையலறை வாசலில் அப்படியே நிற்கிறார்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கடைத்தெருவுக்குப் போனேன். ஹார்டுவேர் கடைக்காரர், "சீக்கிரம் ஒட்டறதுதானே?" என்று கையை அலமாரிக்கு நீட்டினார்.

"இல்ல, மெதுவா ஒட்டறது."

"எவ்ளோ மெதுவா?"

"முடிஞ்ச அளவு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இரண்டு மூன்று கடைகளில் பார்க்க நேர்ந்தது. கடைசியில் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்து ஒன்றில் கிடைத்தது. இரண்டு குழாய்; இரண்டையும் சம அளவு கலக்க வேண்டும்; பிடியை விட அரை மணி ஆகும் என்று மேலட்டையில் ஓர் எச்சரிக்கை போல அச்சடித்திருந்தார்கள். எனக்கு அது விளம்பரமாகத் தெரிந்தது.

சாயங்காலம் அவரைக் கூப்பிட ஒரு காரணம் வேண்டுமே. வால் பகுதியை ஒட்டணும், ஒரு கை கொடுங்கள் என்றேன். உடனே வந்தார். அவருக்கும் வெளியே வர ஒரு சாக்கு தேவைப்பட்டது என்பது பிறகு புரிந்தது. மருமகள் சாயங்காலம் கூடத்தில் டியூஷன் எடுக்கிறாள். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது மாமனார் அடுக்களையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். டிவி போட முடியாது, இருமக்கூட யோசிக்க வேண்டும்.

வாலைப் பிடித்துக்கொண்டார். நான் நிதானமாகக் கேட்டேன். "அந்த ஆபீசர் எதுக்கு சார் கிச்சனுக்கு வந்தாரு?"

"யாரு? ஓ, அவரா. உப்பு கேட்டு வந்தாரு."

"உப்பா?"

"ஆமா. குட்த்தேன். எத்துனு பூட்டாரு."

"அவ்வளவுதானா?"

"வேற இன்னா சார்?"

இதற்காகத் தாம்பரம் முழுக்க அலைந்திருக்கிறேன். ஆனாலும் அரை மணியில் இன்னும் இருபத்தைந்து நிமிடம் மிச்சம் இருந்தது. அவர் விட்டுப் போகவும் முடியாது. அடுத்த கதையை ஆரம்பித்தார்.

அப்படித்தான் பழக்கமாயிற்று. சாயங்காலம் கீழே முதல் பிள்ளை வாய்ப்பாட்டை ஆரம்பித்ததும் மேலே என் மணி அடிக்கும். "இன்னிக்கு இன்னா சார் புடிக்கணும்?" என்பதுதான் வணக்கம். நான் காலையிலேயே யோசித்து வைத்திருப்பேன். எழுதுவதற்கு விஷயம் யோசித்ததைவிடப் பிடிப்பதற்குப் பொருள் யோசித்ததுதான் அந்த நாட்களில் அதிகம். எஞ்சின் ஒவ்வொன்றையும் தனித்தனி நாளில் ஒட்டினோம். ஊசி கனம் உள்ள ஓர் ஆண்டெனாவை, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அரை மணி நேரம் பிடித்திருக்கிறோம். பசையே தேவைப்படாத சக்கர மூடியைக்கூடப் பிடிக்கச் சொன்னேன். அவர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

ஒருநாள் உடலைத் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

"உள்ள இன்னா லோடு?"

"ஒண்ணும் இல்ல."

"லோடு இல்லாம இன்னாத்துக்கு சார் ட்ரான்ஸ்போர்ட்டு?" உண்மையாகவே வருத்தப்பட்டார். சர்வீஸில் ஒரே ஒரு தடவைதான் விமானத்தில் ஏறியிருக்கிறாராம், அதுவும் சரக்கு விமானம். "சீட்டெல்லாம் கெடையாது. உருளக்கெழங்கு மூட்டை மேல குந்திகினு போனேன். ஜன்னல் கூட இல்ல. எங்க கீறோம்னு தெரியாது. ஆனா கூட கெழங்கு கீதுல்ல, ஒரு தெகிரியம்."

அன்றிரவு படுக்கப் போகுமுன் முடிவு செய்துவிட்டேன். காலையில் கத்தியை விட்டு, நாங்கள் சேர்த்து ஒட்டிய உடலை மறுபடி இரண்டாகப் பிளந்தேன். மூட்டை ஏற்ற வேண்டும் என்றால் திறக்கத்தானே வேண்டும். வேறு எந்த மாதிரிக்காரனும் இதைக் கேட்டால் கண்ணீர் விடுவான். எனக்கு ஒரு பண்டிகை முடியாமல் இன்னும் சில நாள் நீண்டது போல இருந்தது.

மூட்டை செய்ய ஒருவகைப் பசைமாவு உண்டு, பிசைந்தால் இறுகும். அவர் அதை வாங்கி, உள்ளங்கையில் வைத்து உருட்டி, மேலே ஒரு முடிச்சு போடுவது போல் கிள்ளி, வரிசையாக வைத்தார். அழகான மூட்டைகள். அளவுதான் கொஞ்சம் இடித்தது. என் கணக்குப்படி ஒவ்வொரு மூட்டையும் ஒரு கார் அளவு. இத்தாலியில் அப்படி ஒரு கிழங்கு விளைச்சல் இருந்திருந்தால் போருக்கே போயிருக்க மாட்டார்கள். சொல்லவில்லை. எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடினோம். அரை மணி நேரம். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை.

மனைவி ஒருநாள், "என்ன, குரல் நல்லா இருக்கு? யாராவது வந்திருக்காங்களா?" என்றாள்.

"கீழ்வீட்டு சார். விமானத்தைப் பிடிச்சுக்கிட்டிருக்கார்."

"பறந்துடப் போகுதா?" என்றாள். கவுகாத்தி போனபிறகு அவளுக்கும் கொஞ்சம் நகைச்சுவை வந்திருந்தது. எனக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, என்னவோபோலும் இருந்தது.

வலது இறக்கையை ஒட்டிய அன்றுதான் அந்தச் செய்தி வந்தது. இறக்கை கெட்டியாக வார்த்தது, கனம். இரண்டும் சேர்ந்தால் நுனிக்கு நுனி கிட்டத்தட்ட ஒரு முழம் வரும். ஒட்டுமிடமோ ஒரு சின்ன வரிப்பள்ளம்தான். உடலை நான் பிடிக்க, இறக்கை நுனியை அவர் பிடிக்க, மேஜைக்கு மேல் குனிந்திருந்தோம். தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று மண்டைமேல் போயிற்று. அது போய் முடியட்டும் என்று காத்திருந்து சொன்னார்.

"பையன் கேளம்பாக்கத்துல ஃப்ளாட்டு வாங்கிகீறான் சார். ஆபீசு அங்கதான கீது. டெய்லி வண்டில போய்ட்டு வந்து முதுகு போச்சுன்றான். ஸ்கூல் லீவு வுட்டதும் ஷிஃப்டு."

நான் விமான உடலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வாயைத் திறந்திருந்தால் இறக்கை ஆடியிருக்கும்.

"அதுக்குள்ள இத்த முட்ச்சிடுங்க சார். ரெண்டு றெக்கையும் வச்சு, பெயின்ட் அட்ச்சு, முழுசா ஒருவாட்டி பாத்துட்டுப் போணும்."

"கண்டிப்பா" என்றேன்.

கண்டிப்பாக என்ற சொல்லை அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு பொய்யாக நான் பயன்படுத்தியதில்லை. இடது இறக்கையை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. வேலை முடிந்தால் மணி அடிக்காது. கேளம்பாக்கம் போகிறவர் போகத்தான் போகிறார், அது எனக்கும் தெரியும். ஆனால் முடியாத விமானம் ஒன்று இங்கே இருந்தால், பாதியில் விட்டுப் போக மனம் வராமல், ஏதோ ஒரு வழியில், நம் கணக்குக்கு வராத ஏதோ ஒரு காரணத்தால்... நான் நிறையப் படித்தவன். படித்தவனின் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது.

அதனால் இடது இறக்கைக்கு நோய் கண்டுபிடித்தேன். முதலில், லேசாக முறுக்கி இருக்கிறது என்றேன். அது உண்மை, வெந்நீரில் கொஞ்சம் முக்கி எடுத்தால் நேராகிவிடும். நான் வெந்நீர் வைக்கவில்லை. அடுத்து, ஊசித் துளைகள் இருக்கின்றன, அடைக்க வேண்டும் என்றேன். அடைத்த பிறகு, இறக்கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்றேன்.

"றெக்கைக்கு ரெஸ்டா?"

"ஆமா சார். ரெசின் அப்படித்தான். உள்ள இறுகணும்."

"நீங்க சொன்னா கரெக்டாதான் இருக்கும்" என்றார். அதுவரை உறுத்தாதது அந்த ஒரு வாக்கியத்தில் உறுத்தியது. ஆனாலும் ஓய்வு தொடர்ந்தது. அவர் வருவார், பிடிக்க ஒன்றும் இருக்காது, நாற்காலியில் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கை சும்மா இருந்தால் அவருக்குக் கதை வரவில்லை. சீக்கிரம் எழுந்து போனார். அவர் இங்கே இருக்க வேண்டும் என்று நான் செய்த காரியமே அவரைக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தது.

அது உறைத்ததும் வெந்நீர் வைத்து முறுக்கை எடுத்தேன். முதல் பூச்சு அடித்தேன். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், இரண்டாவது மாடி அம்மாள் வடகம் பிழிந்து காயவைத்திருந்த துணியின் ஓரத்தில், காக்கை வராமல் இருக்க அவர் வைத்திருந்த கறுப்புக் குடைக்குப் பக்கத்தில் வைத்தேன். மே மாதம். நண்பகல். வெந்நீரில் வளைகிற பொருள் வெயிலிலும் வளையும் என்பதைத் தெரிந்துகொள்ள எந்தப் புத்தகமும் தேவையில்லை. வடகம் வைக்கிற எல்லோரும் எல்லாவற்றையும் வெயிலில்தான் காய வைக்கிறார்கள், நானும் வைத்தேன். வெளிநாட்டுக்காரன் செய்ய முடியாத தவறு. அவன் ஊரில் அவ்வளவு வெயில் கிடையாது.

மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன். வடகம் நன்றாகக் காய்ந்திருந்தது. இறக்கை, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி இரு ஓரமும் எழும்பிச் சுருண்டிருந்தது. அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. 'இன்னும் ஒரு வாரம் ஆகும்' என்ற எண்ணம்தான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

பெரியவர் பின்னாலேயே ஏறி வந்திருந்தார். என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"போச்சா சார்?"

"நேராக்கிடலாம்."

அவர் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துவிட்டார். "வர்ற ஞாயித்துக்கெழம லாரி சொல்லிட்டான் சார் பையன்" என்றார். எனக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், அவர் தனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அதை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது பேச்சுக்குச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியவில்லை. வளைந்ததை நிமிர்த்தப் போனால் ஓரம் விரிசல் விட்டது. விரிசலை அடைத்தால் நுனி தொங்கியது. இந்தத் தடவை நான் நிஜமாகவே அவசரப்பட்டேன், அது நிஜமாகவே தாமதமாயிற்று. லாரியில் கட்டில், பீரோ, டியூஷன் கரும்பலகை எல்லாம் ஏறியபின் அவர் மேலே வந்தார். செருப்பைக் கழற்றவில்லை; வாசலிலேயே நின்றார். நான் விமானத்தை எடுத்து வந்து காட்டினேன். இடதுபக்கப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

"ஒரு பக்கந்தான் கீது. பரவால்ல சார்."

கீழே யாரோ ஹாரன் அடித்தார்கள். போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் வாய்ப்பாடு இல்லை. அது இவ்வளவு பெரிய சத்தமாக இருந்திருக்கிறது என்று அது நின்றபிறகுதான் தெரிந்தது. நான் பசை கலந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், எதற்கு என்று தெரியாமல். அது கிண்ணத்திலேயே இறுகிற்று.

ஜூன் மாதம் கொஞ்சம் மழை பெய்து சூடு தணிந்தபின், ஒரு மத்தியானம், இடது இறக்கை ஒருவழியாக நேரானது. ஐந்து நிமிடப் பசை அலமாரியில் இருந்தது. இனி எனக்கு மெதுவான பசையால் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் அதைத்தான் கலந்தேன். வலது பக்கத்தை ஒட்டிய அதே பசையில் இடது பக்கமும் ஒட்ட வேண்டும் என்று தோன்றியது. தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. உடலை இரண்டு முழங்கால்களுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, இறக்கை நுனியை வலது கையில் தாங்கி, இடது கையால் ஒட்டிய இடத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே காலி நாற்காலி. மூக்கு அரித்தது. மின்விசிறிக் காற்றில் மேஜைமேல் இருந்த கட்டுரைத் தாள்கள் ஒவ்வொன்றாகப் பறந்து தரையில் இறங்கின. பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கதையாவது சொல்லலாம் என்று தோன்றியது. யாருக்கு? பேசாத ஆபீசர் உப்பு கேட்டு வந்த கதையை மனசுக்குள் ஒருதடவை ஓட்டினேன். இந்தத் தடவை, உப்பை வாங்கிக்கொண்டு அவர் உடனே போனாரா, கொஞ்ச நேரம் நின்றாரா என்று கேட்காமல் விட்டோமே என்றிருந்தது.

செல்பேசி அடித்தது. திரையில் மனைவி பெயர். கை நீட்டினால் இறக்கை விழும். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி நின்றது.

பிடியை விட்டபின் கூப்பிட்டேன். பதறிப்போயிருந்தாள்.

"எங்க போனீங்க? உடம்புக்கு ஏதாவதா?"

"எங்கயும் போகல. ஒரு றெக்கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

"அவர் இல்லையா பிடிக்க?" என்றாள். அவர் போய்விட்டதை அவளிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

வண்ணம் பூசி முடித்தேன். மணல் நிறத்தில் பச்சைத் திட்டுகள். அந்தக் காலத்து இத்தாலிக்காரர்களின் பாணி. ஒரு அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்து அடக்கி, கேளம்பாக்கம் பஸ் பிடித்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வண்டலூர் தாண்டி ஒவ்வொரு வேகத்தடைக்கும் உட்கார்ந்த இடத்திலேயே எழும்பிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த பெண்மணி, "கேக்காண்ணா? யாருக்கு பர்த்டே?" என்றார். சிநேகிதருக்கு என்றேன். அந்தச் சொல்லை அவர் விஷயத்தில் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை.

வானுயர்ந்த கட்டடங்கள். வாசல் காவலர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அவர் செல்பேசியில் யாரையோ கேட்டு, அந்த யாரோ சரி என்று சொன்னபிறகு விட்டார்கள். பெரியவர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே இன்னொரு கட்டடத்தின் பால்கனிகள், ஒன்றிலும் ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"இன்னா சார் இது, சொல்லாம கொள்ளாம! இங்க யார் வூட்டுக்கும் யாரும் வர்றதே இல்ல சார். டியூஷன் கூட கம்ப்யூட்டர்லயே முட்ச்சிடுது மருமக. சத்தமே கெடையாது, ஒரே பேஜாரு."

பெட்டியைத் திறந்தேன். இரண்டு கையாலும் வெளியே எடுத்தார். "அம்மை போட்ட மாரி கீது" என்றார், பச்சைத் திட்டுகளைப் பார்த்து. பிறகு சின்ன ஜன்னலில் ஒற்றைக் கண்ணை வைத்தார்.

"மூட்ட கீது!"

"இருக்கு."

"அலுங்காம எத்துனு வந்துகீறீங்க." திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது இறக்கை சேருமிடத்தில் கட்டைவிரல் நின்றது. "இத்த யாரு புட்ச்சது?"

"நான்தான்."

"ஒண்டியாவா? அரை மணி நேரமும்?"

"ஆமா சார்."

மறுபடி கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவினார். நான் சொல்ல வந்த மன்னிப்பு ஒன்று இருந்தது. இறக்கைக்கு ஓய்வு என்றெல்லாம் சொன்னேனே, அதற்கு. அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தானாகப் போயிற்று.

மருமகள் காபி கொண்டுவந்தாள். பெரியவர் அவளை நிற்கவைத்து விமானத்தை நீட்டினார். "பாரும்மா, இது ஒட்டற வரிக்கும் நானும் சாரும் ஆளுக்கொரு பக்கம் புட்ச்சுகினே குந்திகினு இருப்போம். டெய்லி அரை மணி நேரம். மாசக்கணக்குல. அசையக்கூடாது, தெரியுமா?"

அவள் டீச்சர். விமானத்தை வாங்கி, கண்மட்டத்துக்குத் தூக்கி, இறக்கையின் அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்தாள்.

"றெக்கைக்குக் கீழ ரெண்டு டம்ளரைக் கவுத்து வச்சிருந்தா அது பாட்டுக்கு ஒட்டியிருக்குமே அங்கிள். இதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"